சகலையின் வானம்

பொறாமைக்கு மருந்தில்லை என்பார்கள். இருந்திருந்தாலும் நம் லென்ஸ்காரர் அதை வாங்கிக் குடித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. சகலை மேல் அவர் வைத்திருந்தது வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்த பொறாமை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. முன்னால் பளபளவென்று கடை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. அந்த அறையில் உட்கார்ந்து பிரேம் அளவுக்கு லென்ஸை இழைத்துப் பொருத்துவார். நாள் முழுக்க மெஷின் சத்தம். பேச ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு வராது, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவர் மனைவியின் அக்கா புருஷன், அதாவது சகலை, அப்படியே தலைகீழ். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். வண்டியை ஓட்டுவது எவனோ, இவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு, மீதி நேரமெல்லாம் வாய்தான். அந்த வாயை வைத்தே மாமியார் வீட்டில் ராஜாவாக இருந்தார்.

காலையில் ஓடுகிற பழக்கத்தை ஆரம்பித்தது லென்ஸ்காரர்தான். இதை அவர் சார்பில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு ரொம்ப வருத்தம். சகலைக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் திட்டியதும், "உங்ககூட நானும் வரட்டுமா சகலை?" என்று ஒட்டிக்கொண்டார். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். முதல் வாரம் ஓட முடியாமல் இடுப்பில் கை வைத்து நின்றார். நின்றவர் சும்மா நிற்காமல் மேலே பார்த்தார். வானத்தில் பாடம் கண்டுபிடித்துவிட்டார்!

"மேகம் அடம் பிடிக்காதுங்க. காத்து கூப்பிட்ட பக்கம் போவுது. குடும்பத்துல நாமளும் அப்படித்தான் இருக்கணும்." இதை மூச்சிரைக்க செல்போனில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போட்டார். மாமியார் அழுதுவிட்டார். அன்று முதல் தினம் ஒரு பாடம். சூரியன் தாமதமாக வந்தால் பொறுமை, நட்சத்திரம் மறைந்தால் அடக்கம். லென்ஸ்காரர் மனசுக்குள் அவருக்கு அசரீரி என்று பேர் வைத்தார். வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை.

குழுவில் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். லென்ஸ்காரரைச் சுட்டது வேறு. அவர் மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைச் சத்தமாக ஓடவிடுவாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். "அத்தான் எப்படிப் பேசறார் பாருங்க! கூடத்தானே ஓடறீங்க, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசி அவள் அப்படி முகம் மலர்ந்தது கிடையாது. ஒரே ஒரு முறை மலர்ந்தால் போதும் என்றுதான் அந்த மனுஷன் ஏங்கினார்.

அவரும் முயற்சி செய்து பார்த்தார். ஒருநாள் தொண்டையைச் செருமி, "காக்கா ஒண்ணு தனியாப் பறந்துச்சு. நாமளும் கடைசியில தனியாத்தான் போகணும்" என்று போட்டார். பதில் சொல்ல ஒரு ஜீவன் இல்லை. மத்தியானம் மாமியார் மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

இப்படி வெந்துகொண்டிருந்தபோதுதான், இன்னும் விடியாத ஒரு காலையில், சகலை தெருவிளக்கடியில் திடீரென்று நின்றார்.

"சகலை, மேல பாருங்க. விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம்! நிலாவைச் சுத்திகூட இருக்கு. ரெண்டு மூணு நாளாப் பார்க்கறேன். உங்களுக்குத் தெரியுதா?"

லென்ஸ்காரர் பார்த்தார். விளக்கு விளக்காக இருந்தது. நிலா நிலாவாக இருந்தது. பனி இல்லை, மேகம் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இன்றைக்கும் இவனுக்கு மட்டும்தானா என்று வயிறு எரிந்தது.

"தெரியாம என்ன? எனக்கு ரெண்டு வளையம் தெரியுது" என்றார்.

"ரெண்டா!" சகலையின் முகம் கொஞ்சம் வாடியது. லென்ஸ்காரருக்கு அது வெல்லமாக இனித்தது. சகலை புருவத்துக்கு மேல் தேய்த்துக்கொண்டு, "காலைக் குளிர்ல இங்கதான் ஒரே வலி" என்றபடி செல்போனை எடுத்தார். "ஒவ்வொரு வெளிச்சமும் தன்னைச் சுத்தி ஒரு வானவில்லை வெச்சிருக்குங்க. நின்னு பார்க்கறவனுக்குத்தான் தெரியும்." மாமியார் மறுபடி அழுதார்.

அன்று மாலை, கடையில், தடுப்புக்கு அந்தப் பக்கம் கண் பரிசோதிக்கிற அம்மா ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "தலைவலி உண்டா? மங்கலா இருக்கா? விளக்கைச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியுதா?" வருகிற ஆளிடமெல்லாம் கேட்கிற கேள்விதான். மெஷின் சத்தத்தோடு சத்தமாக அது தினமும் லென்ஸ்காரர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"தெரியுதும்மா. புருவத்துல வலியும் இருக்கு" என்றார் பெரியவர்.

அந்த அம்மாவின் குரல் மாறியது. "ஐயா, கண்ணாடி அப்புறம் வாங்கலாம். இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா இப்படித்தான் இருக்கும். நாளைக்குன்னு தள்ளினா பார்வை போயிடும். போனது திரும்பாது."

லென்ஸ்காரர் மெஷினை நிறுத்தினார். முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? அட, இது ஞானம் இல்லை, நோய்! இவ்வளவுதானா அசரீரி! அடுத்த மூச்சிலேயே சகலையை இரு கண்ணும் தெரியாமல், யார் கையையோ பிடித்து நடக்கிற மாதிரி நினைத்துப் பார்த்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

சகலை வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாமியார், மனைவியின் அக்கா, அக்காவைப் பார்க்க வந்திருந்த அவர் மனைவி. லென்ஸ்காரர் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சகலை, விளையாடறீங்களா? உங்களுக்கும்தானே தெரிஞ்சுது? அதுவும் ரெண்டு!"

"அப்படியா?" என்று மாமியார் திரும்பினார். "அப்போ ரெண்டு பேருக்குமே நல்லதுதான் தெரிஞ்சிருக்கு."

தவளை தன் வாயால் கெடும். இங்கே இவர் வாயால் அவர் கண் கெடப் போகிறது. லென்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முன்னால் வேண்டாமே என்று மனசு கெஞ்சியது.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியலை" என்றார். "பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"பொறாமை. போதுமா? நீங்க பேசினா அத்தை அழறாங்க. நான் பேசினா உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. நீங்க பேசினா இவ சிரிக்கறா. நான் பேசி இவ ஒரு நாள் அப்படிச் சிரிச்சதில்ல. வயிறு எரிஞ்சுது, சொல்லிட்டேன். இப்ப என்னை என்ன வேணா நினைச்சுக்கோங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க."

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சகலைதான் முதலில் எழுந்தார். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்து, சொட்டு மருந்து விட்டு, அழுத்தம் இறங்கியதும் லேசர் வைத்து இரண்டு கண்ணிலும் ஊசிமுனைத் துளை போட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். சகலையின் மனைவி லென்ஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லென்ஸ்காரரின் மனைவி மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைந்தோம், இனி இவள் நம்மை மதிக்கவே மாட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில், சமையலறையில் சகலையின் குரல் கேட்டது. "எல்லாருக்கும் வணக்கம். வானம் என்னைக் கைவிடலைங்க. வளையத்தைக் காட்டி எச்சரிச்சுது. மேலே இருக்கிறது எப்பவும் நம்மைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கு."

கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த லென்ஸ்காரருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஓடினது நான், மானத்தை விட்டது நான், பேர் வானத்துக்கா? மாமியார் இந்நேரம் அழுதிருப்பார்.

உள்ளே கத்தி டக்கென்று பலகையில் விழுந்தது.

"அத்தான்," மனைவியின் குரல். குழுவில் போடச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். குரலில் அப்படி ஒரு காரம். "வானம் யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாது அத்தான். கூட்டிட்டுப் போனது என் வீட்டுக்காரர். எங்க எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சு நின்னு கூட்டிட்டுப் போனார். அடுத்த தடவை பேசறப்ப அவர் பேரைச் சொல்லிட்டு அப்புறம் வானத்துக்குப் போங்க."

லென்ஸ்காரர் ஒற்றை ஷூவோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். அவள் மூக்கு சிவந்திருந்தது.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ பேசினது சரியாக் காதுல விழலை" என்றார். "இன்னொரு தரம் போடேன்."