எட்டு என்று சொல்ல 180 கிலோமீட்டர்

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். தையல் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. விடுப்பு முடியப் பதினான்கு நாள்தான் இருந்தது. அதற்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கச் சரிவில் ஏறாவிட்டால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். முப்பது வருடம் அந்தச் சரிவில் தேய்ந்த மூட்டு. கம்பெனிக்கு மட்டும் அது அவளுடைய சொந்த நோய். வலிக்கு ஒரு புதுச் சிகிச்சை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, போன மாதம் பாலக்காட்டுப் பக்கம் கிளம்பினோம்.

சின்னக்கானலில் காலை 5.10க்கு ஜீப். மூணாறிலிருந்து பஸ்ஸில் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக எலப்புள்ளி. மொத்தம் 180 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம், ஆளுக்கு 260 ரூபாய். மறையூர் வளைவுகளில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவில், "ஏட்டி, இந்த முட்டியக் கழட்டி ஜன்னல் வழியா வீசிரட்டுமா?" என்றாள். எங்கள் மலையில் இவ்வளவு தேயிலை இருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு ஓர் அறை இல்லை.

சிகிச்சை இதுதான்: ஈரப் பஞ்சு வைத்த இரண்டு வில்லைகளைத் தலையில் கட்டி, இருபது நிமிடம் மிக மெல்லிய மின்சாரம் விடுகிறார்கள். ஊசி, கத்தி கிடையாது. காயம் ஆறிய பிறகும் மூளை வலியை விடாமல் பிடித்துக்கொள்கிறதாம். அந்தப் பிடியைத் தளர்த்திப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"முட்டி வலிக்குத் தலையில கரண்டா? எனக்கு மூள முட்டியிலதான் இருக்குன்னு ஒங்கப்பன் சொன்னது சரிதான் போல," என்றாள் அம்மா.

கருவியை இயக்கும் உள்ளூர் இளைஞர் கேட்டார்: "வலி எத்தனைங்க அக்கா? பூச்சியத்துலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"ரெண்டு தம்பி."

"ரெண்டுக்கு இது வேண்டியதில்லீங்களே. மாத்திரையே போதுமுங்க."

எனக்குக் கொதித்தது. "பஸ்ஸுல அழுதது யாரும்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "இந்தப் பேப்பரு எஸ்டேட்டுக்குப் போகுமாய்யா?" என்றாள்.

"போகாதுங்க அக்கா. இங்கயேதானுங்க இருக்கும்."

"அப்போ எட்டு."

வலி என்று வாயைத் திறந்தவளைத் தோட்டத்தில் முதலில் கழித்துக்கட்டுவார்கள். முப்பது வருடமாக அவள் கற்ற பாடம் அது.

பத்து நாள் அங்கேயே வாடகை அறையில் தங்கினோம். எட்டு ஐந்தானது. அதில் மின்சாரம் எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கு: தினமும் மலையிலிருந்து போய்வர நினைக்காதீர்கள். பஸ்ஸில் கால் நீட்ட நடைவழி ஓரச் சீட்டைப் பிடியுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். வலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

சின்னக்கானலில் இறங்கியபோது டீக்கடையில் எஸ்டேட் சூப்பர்வைசர் நின்றிருந்தார். "என்ன, கால் எப்படி?"

அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"பூச்சியம் சார். திங்கக்கிழம வந்துருதேன்."