ஊடு பாக்க வந்தமுங்க

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் கட்டடங்களின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும் உத்தியோகம் ஏழு வயதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது.

அப்பாவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரியில் வார்ப்பு வேலை. அம்மாவுக்கு மில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவருக்கும் வீட்டில் கால் தரிக்காது. ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறி, தெருத் தெருவாக நடந்து, வீடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொரி வாங்கிக் கொறித்தபடி திரும்புவார்கள். கோயிலுக்கு என்று சொல்லித்தான் கிளம்புவோம். ஆனால் சாமியைக் கும்பிடுகிற நேரத்தைவிட, கோயில் தெரு வீடுகளைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். பொள்ளாச்சி, தாராபுரம், பவானி என்று ஒன்றையும் விடவில்லை. உள்ளூரில் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல் தெருவில், பச்சை மர ஜன்னல் வைத்த ஓர் அத்தர் வியாபாரியின் வீட்டை மட்டும் நான்கு முறை போய்ப் பார்த்திருக்கிறோம்.

ஆளுக்கொரு பார்வை. அப்பா இரும்பை மட்டும் பார்ப்பார். கிராதி, தூண், கைப்பிடி எதுவானாலும் தட்டிப் பார்த்து, "நம்ம பவுண்டரி வார்ப்பு மாதிரியே இருக்குது" என்பார். அவர் பிறப்பதற்கு முன்பே நின்ற தூணாக இருந்தாலும் அதே தீர்ப்புதான். அம்மாவுக்கு ஒரே கேள்வி: "இத்தனை பெரிய ஊட்டுல துணி எங்க காயப்போடுவாங்க?" நான் முகப்பில் இருக்கும் வருடத்தையும் வாசகத்தையும் படிப்பேன். எழுத்து உதிர்ந்து போயிருந்தால் நானே எதையாவது சேர்த்துக்கொள்வேன். அப்பாவுக்குப் பவுண்டரி இரைச்சலில் காது மந்தம். அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். தாராபுரத்தில் ஒரு வீட்டின் அழிந்த எழுத்துகளை, "இங்கு சத்தமாகப் பேசக் கூடாது" என்று படித்துவிட்டேன். அந்தத் தெரு முடிகிறவரை அப்பா கிசுகிசுத்தபடியே நடந்தார். எனக்கு அன்றுதான் படிப்பின் அருமை முழுதாகப் புரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாலிடெக்னிக்கில் சிவில் மூன்றாம் வருடத்துக்கு வந்தேன். ஐம்பது வருடமாவது பழைய வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூலை முடுக்கெல்லாம் அளந்து வரைபடமாகக் கொடுக்க வேண்டும் என்றார் சார். கொடுக்காவிட்டால் அந்த வருடம் போச்சு. எனக்கு வருடம் போவதென்றால் அதோடு நிற்காது. அன்னூரில் இருக்கும் அத்தை கையில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். "ஒரு நாயித்துக்கெழம போயி ஊடு பாத்துட்டு வந்தரலாங்கண்ணா" என்று வருகிறபோதெல்லாம் அப்பாவை நச்சரிப்பார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து மனசுக்குப் பிடித்தால்தான் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும். அதற்குப் பெயரே ஊடு பாக்கறது. அப்பா கடைசியாக அத்தைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "இந்த வருசம் பாஸாயிட்டான்னா அவ இஷ்டம். இல்லீன்னா உன்ற இஷ்டம்."

அத்தையின் இஷ்டம் எனக்குத் தெரியும். ஆகவே உடனே வேலையில் இறங்கினேன். அப்பா தன் பங்குக்கு வட்டமான தோல் உறை போட்ட ஐம்பதடி டேப் ஒன்றை வாங்கி வந்து, தன் சட்டை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து மாட்டினார். அதை அவர் மட்டும்தான் எடுக்க வேண்டும். டேப்பின் பூஜ்ஜிய முனையைப் பிடிப்பதும் அவர்தான்.

முதலில் பொள்ளாச்சியில் ஒரு வீடு. பிரின்சிபால் கொடுத்த கடிதத்தை நான் நீட்டியதும், வீட்டு வரி நோட்டீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்து அவிநாசி. அங்கே கடிதத்தை ஒளித்துவிட்டு அப்பாவை நேராகச் சுவரை அளக்கவிட்டேன். நாயை அவிழ்த்துவிட்டார்கள். வரைபடத்தைப் புதன்கிழமை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மீதி.

"கோபிக்குப் போலாம்" என்றார் அப்பா. முந்தின வருடம் கோபிச்செட்டிபாளையத்தில் வெளியில் நின்று பார்த்த வீடு அவர் மனதை விட்டு அகலவே இல்லை. கோபி பஸ் எங்கள் சரவணம்பட்டி வழியாகத்தான் போகும். ஆனால் அப்பாவுக்கு ஜன்னல் சீட் வேண்டும் என்பதால் எதிர்த்திசையில் காந்திபுரம் போய், அங்கே ஏறி, அரை மணி நேரம் கழித்து எங்கள் வீட்டைத் தாண்டியே போனோம். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். மஞ்சள் பையில் ஒரு சீப்பு பூவன் பழமும் நான்கு முழம் மல்லிகையும் வைத்திருந்தாள். அடுத்தவர் வீட்டுப் படியை வெறுங்கையோடு மிதிக்க மாட்டாள். என் தலையிலும் இரண்டு முழம் வைத்துவிட்டாள்.

"லெட்டரை மொதல்ல நீட்டாத. நான் பேசிக்கறேன்" என்றாள்.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு நடையே மறந்துவிட்டது. முன்புறம் எட்டு இரும்புத் தூண்கள், கொடி சுற்றினாற்போல வார்த்தவை. அவற்றுக்கு மேலே அரை வட்டங்களில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிகள். உச்சியில் இரண்டு சுதைச் சிங்கங்கள். ஒன்று கம்பீரமாக இருந்தது. மற்றதற்கு மூக்கு உடைந்து, தும்மல் வராமல் தவிக்கிற முகம்.

வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டிருந்தது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"ஏனுங்க, ஊடு பாக்க வந்தமுங்க" என்றாள் அம்மா.

"வாங்க, வாங்க! மத்தியானமாத்தான் வருவாங்கன்னாங்க. நேரத்துலயே வந்துட்டீங்க!" அந்த அம்மாவின் பார்வை பழத்தில் விழுந்து, பூவில் விழுந்து, என் மேல் வந்து நின்றது. "புள்ளையவே கூட்டியாந்துட்டீங்களா! அதுஞ் செரிதான், இந்தக் காலத்துப் புள்ளைங்க பாக்காம ஒத்துக்குவாங்களா?"

கல்லூரியிலிருந்து முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிரின்சிபால் மேல் மரியாதை கூடியது. இலை போட்டு, போளி போல இனிப்பான ஒப்புட்டு வைத்து, நெய் ஊற்றினார்கள். கல்லூரிக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று இன்னும் ஓர் ஒப்புட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு டேப்பை இழுத்தோம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம், மேலே போகத் தேக்குப் படிக்கட்டு. நான் அளவைச் சொல்லிச் சொல்லி நோட்டில் குறித்தேன். அப்பா ஒவ்வொரு தூணாகத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். வீட்டுக்கார அம்மா வாயில் கை வைத்துப் பார்த்தபடி, மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "நம்ம காலத்துல கெணத்துல தண்ணி கெடக்குதான்னு பாத்துட்டுப் போயிருவாங்க. இவீக டேப்பு புடிச்சு அளக்கறாங்க! அத்தனை கருத்தான ஒறம்பரை!"

ஒறம்பரை என்று விருந்தாளியையும் சொல்வோம், உறவையும் சொல்வோம். பெண்கள் படிப்பில் அடைந்த முன்னேற்றத்தைத்தான் வியக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

அவர் அப்பாவிடம் மெல்லக் கேட்டார்: "நீங்க என்ன கூட்டமுங்க?" குலத்தைக் கேட்கிறார் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்பாவின் காதில் பாதிதான் விழுந்தது.

"கூட்டமே இல்லீங்க. பஸ்ஸு காலியாத்தான் வந்துச்சு. சன்னலோரமே கெடைச்சுதுங்க."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சட்டென்று குறுக்கே புகுந்து, "ஏனுங்க, துணி எங்கீங்க காயப்போடுவீங்க?" என்று கேட்டு அவரைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். நான் படிக்கட்டின் கைப்பிடியில் மயங்கி நின்றேன். அடியில் ஒரு கிளி, ஏற ஏற அதன் வால் நீண்டுகொண்டே போய் மாடியில் முடிந்தது.

மாடி அறை வாசலில், வெளுத்த வேட்டியும் புதுச் சட்டையுமாக ஒருவர் விறைப்பாக நின்றிருந்தார். வீட்டுக்கார அம்மாவின் மகன். நான் டேப்போடு வருவதைப் பார்த்ததும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது.

"என்னையும் அளக்கோணுங்களா?"

"வேண்டாங்க. கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, கதவு நெலவோட அகலம் எடுக்கோணும்."

முகம் வாடி நகர்ந்தார். பாவம், நல்ல மனிதர். அப்பா கீழே தூண்களை விட்டு வராததால், டேப்பின் மறுமுனையை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் பாதி முடித்திருப்பேன். வாசலில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. தட்டுத் தட்டாகப் பழங்களோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெரியவர் கை கூப்பி, உரக்கச் சொன்னார்: "கோயமுத்தூர்ல இருந்து வாரமுங்க. ஊடு பாக்க வந்தமுங்க."

வீட்டுக்கார அம்மா அவர்களைப் பார்த்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். பின்கட்டிலிருந்து வந்த அம்மாவைப் பார்த்தார். "அப்பறம் நீங்க?" என்றார்.

"ஊடு பாக்க வந்தமுங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் சின்னக் குரலில்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது: ஒப்புட்டு, கூட்டம், வேட்டிக்காரரின் வியர்வை. கன்னம் காந்த ஓடி இறங்கி வந்து கடிதத்தை நீட்டினேன். பின்னாலேயே வந்த மகன் வாங்கி, தன் அம்மாவுக்குக் கேட்கிற அளவில் படித்தார். மாணவிக்குப் பழைய கட்டடத்தை அளந்து வரைய அனுமதி தந்து உதவ வேண்டும். படித்து முடித்தவருக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய அம்மாவுக்கு வரவில்லை. வந்தவர்கள் அதற்குள் கோலத்தைத் தாண்டிவிட்டார்கள். எங்களை வெளியே அனுப்பினால் மாடியில் பாதி வீடு போச்சு, என் வருடமும் போச்சு, அத்தையின் இஷ்டம்தான்.

"ஒறம்பரை இருக்காங்களாட்ட இருக்குதுங்க?" என்றார் கார்க்காரப் பெரியவர், எங்களைப் பார்த்து.

வீட்டுக்கார அம்மா ஒரு கணம் என் நோட்டைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஒறம்பரை இல்லீங்க. இஞ்சினியரம்மா. ஊட்டை அளக்க வந்திருக்காங்க."

அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. டிப்ளமோ படிக்கிறவள் இஞ்சினியர் இல்லை என்று விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர் நேரே என்னிடம் வந்தார். "ஏனுங்கம்மணி, பழைய ஊடாச்சே. புள்ளையக் குடுத்தா நம்பி இருக்கலாங்களா?"

அந்த அம்மாவின் கண்கள் என் மேலேயே இருந்தன. இந்த முறை நான் எழுத்து உதிர்ந்த இடத்தில் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். "வெளிச் சுவரு ஒண்ணேமுக்கா அடி கனமுங்க. ஒரு எடத்துலயும் விரிசல் இல்ல. உத்தரம் எல்லாம் தேக்கு. சிங்கத்துக்கு மட்டும் மூக்கு வைக்கோணும்."

"தூணு அத்தனையும் நம்ம வார்ப்பு மாதிரியே இருக்குதுங்க!" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி.

கூடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்க, மாடியின் மீதிப் பாதியை நான் அளந்தேன். மாப்பிள்ளை கீழே உட்கார்ந்துவிட்டதால், மறுமுனையைப் பிடித்தது பெண்ணின் சித்தப்பா. புறப்படும்போது வீட்டுக்கார அம்மா படி வரைக்கும் வந்தார். "பலகாரத்தை ஏமாத்தித் தின்னுபோட்டீங்க" என்று அம்மாவின் கையில் கிள்ளினார். பிறகு இன்னும் நான்கு ஒப்புட்டை இலையில் சுற்றி அந்த மஞ்சள் பைக்குள்ளேயே போட்டார்.

பஸ்ஸில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒப்புட்டப் பாத்ததுமே. அளக்க வாரவளுக்கு யாரு கண்ணு ஒப்புட்டு சுட்டு வைப்பாங்க?"

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லியிருந்தா நீ அளந்திருப்பியா? நான் என்ன பொய்யா சொன்னேன்? ஊடு பாக்க வந்தமுங்கன்னேன். ஊட்டத்தான பாத்தோம்?"

எழுத்துத் தெரியாதவள் முதல் ஒப்புட்டில் படித்துவிட்டதை, பதின்மூன்று வருடம் படித்த நான் அம்பாசடர் கார் வந்த பிறகுதான் படித்தேன். அதைச் சொல்லி அவள் கோபியிலிருந்து புளியம்பட்டி வரை சிரித்தாள். ஜன்னலோரத்திலிருந்து அப்பா திரும்பி, "யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

புதன்கிழமை வரைபடத்தைக் கொடுத்தேன். சிங்கங்களையும் வரைந்திருந்தேன்; மூக்கில்லாததை மூக்கில்லாமலே. சார் வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் கோபிப் பக்கம்தான். "அந்த ஊட்டுல யாரையும் உள்ள விடமாட்டாங்களே, எப்பிடிப் போனே?" என்றார்.

"ஊடு பாக்கப் போனோமுங்க, சார்."

கையிலிருந்த பேனா கீழே விழும்படி சிரித்துவிட்டு, மதிப்பெண் போட்டார்.

தேர்வு முடிவு வந்த வாரம் அத்தை அன்னூரிலிருந்து வந்தார். நான் பாஸான செய்தியைக் கேட்டு ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொண்டார். அதோடு வந்த வேலையை விடவில்லை. அண்ணனின் காதருகே போய் உரக்கச் சொன்னார்: "சும்மா, வார நாயித்துக்கெழம ஊடு மட்டும் பாத்துட்டு வந்தரலாங்கண்ணா!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஊடுதான? போலாமே! தூணு இரும்பா, கல்லா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய், ஆணியிலிருந்து டேப்பை எடுத்தார்.