அதிபர் எண்ணிய பதினொரு பிள்ளைகள்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டால் போதாது. அதில் பெண் எத்தனை என்று கேட்க வேண்டும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம்; மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பான். ஆண் பிள்ளைகள் கலியாணம் முடித்த கையோடு உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் தாயின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் சொந்தம். நானும் அப்படிப் போனவன்தான். பிறந்தது வட்டையோரத்தில், நெல்வயல் வெளியைத்தான் நாங்கள் வட்டை என்போம். குடியிருப்பது சாய்ந்தமருதில், கடற்கரைக்குக் கிட்ட, என் மனைவியின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய வீட்டில்.

ஆனால் படிப்பிப்பது பிறந்த ஊரில். ஐந்தாம் தரம் வரைக்கும் உள்ள சின்னப் பாடசாலை. அரைச்சுவர் வைத்த ஒரு நீளக் கட்டடம், ஒரு கிணறு, இரண்டு வேப்பமரம், நாலு ஆசிரியர்கள். பின்பக்க வேலியைத் தாண்டினால் வயல் வரம்பு. தண்ணீர் பாயும் காலத்தில் தவளைகளும் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும். நான் அங்கே பத்தொன்பது வருடமாக முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். வேறு இடத்துக்கு மாற்றம் கேட்டதில்லை. சோம்பல் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

போன வருடம் எங்களுக்குப் புது அதிபர் வந்தார். கண்டிப் பக்கத்து மனிதர். நல்ல மனிதர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். முதலாம் தரத்துக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதைக் கண்டு, பத்துப் பேராவது சேராவிட்டால் அந்த வகுப்பை நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முதலாம் தரம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் இரண்டாம் தரம் இருக்காது. அப்படியே படிப்படியாகப் பாடசாலையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். அதிபர் அதிர்ந்துபோய், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். நான் அந்தக் கிழமை பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது மனிதர் முகமெல்லாம் சிரிப்பு.

"பதினொரு பிள்ளைகள், சேர்! பட்டியலும் அனுப்பிட்டேன். வகுப்பை வச்சிக்கச் சொல்லிட்டாங்க. முதல் நாள் ஓர் அதிகாரி வந்து பார்ப்பாராம்."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவர் ஊரில் மருமகள்தான் மாமியார் வீட்டுக்கு வருவாள். அந்த நினைப்பிலேயே இங்கேயும் கேட்டிருக்கிறார்: மகன்மார் எத்தனை, அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை, ஐந்து வயதானது எது. எங்கள் ஆட்களும் பேரப்பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் விடுவார்களா? தேநீரும் கொடுத்து, பெயரும் கொடுத்து, பிறந்த திகதியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பதினொன்றில் ஊரில் இருப்பது மூன்றே மூன்று. மற்ற எட்டும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் சம்மாந்துறையிலும் தாய்மாரோடு இருக்கின்றன. ஏழாவது பெயர் என் மகளுடையது. என் உம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கதிரையில் சாய்ந்து நன்றாகச் சிரித்தேன். பிறகு விளக்கிச் சொன்னேன். அதிபரின் முகம் கறுத்துப்போனதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான் பொய்க் கணக்கா அனுப்பியிருக்கேன்?" என்றார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

அந்த மனிதருக்காகத்தான் முதலில் இரங்கினேன். பிறகு அந்த மூன்று பிள்ளைகளை நினைத்தேன். இந்த வகுப்பு போனால் அவர்கள் பெரிய வாய்க்காலையும் பிரதான வீதியையும் கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அப்போதுதான் ஒரு விசயம் மூளையில் பட்டது. ஊரை விட்டுப் போன மகன்மார் வயலை விட்டுப் போகவில்லை. வாப்பாவின் காணியைச் செய்வதற்கு ஒவ்வொரு நாளும் காலையில் மோட்டார் சைக்கிளில் எங்கள் பாடசாலை வாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள். பின் சீற்று சும்மாதானே கிடக்கிறது?

அடுத்த நாளே வரம்பில் இறங்கினேன். முதலில் அகப்பட்டவன் என்னோடு ஐந்தாம் தரம் வரை படித்தவன். முழங்கால் வரை சேற்றில் நின்று, வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையை அடைத்துக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"கூட்டி வரலாம் மச்சான். காலையில ஊட்டால வெளிக்கிடக்குள்ள ஏத்திட்டு வந்தாச் சரி. பகலைக்குத் திரும்பக்குள்ள கூட்டிட்டுப் போகலாம். பொஞ்சாதிட்டக் கேக்கணும்" என்றவன், மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, "ஒங்கட மகள எங்க போடுறீங்க?" என்று கேட்டான்.

"பாப்பம்" என்றேன்.

இரண்டாவது ஆளும் அதைத்தான் கேட்டான். மூன்றாவது ஆளிடம் நான் போய்ச் சேருவதற்கு முன்பே கேள்வி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வட்டையில் தண்ணீரை விடக் கதைதான் வேகமாகப் பாயும். எனக்குக் கோபம் வந்தது. இவன்களுக்கு என்ன, என் வீட்டு விசயம்? ஆனால் அது நியாயமான கேள்வி என்பதும் தெரிந்துதான் கோபம் வந்தது.

உண்மை இதுதான். என் மகளுக்கு நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் வாங்க விடியற்காலையில் போய் வரிசையில் நின்றவன் நான். மனைவியின் உறுதியையும் மின்சாரக் கட்டணப் பட்டியலையும் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். நேர்முகப் பரீட்சையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஆசிரியர்" என்று மட்டும் சொல்லி, எந்தப் பாடசாலை என்பதை மெல்ல விழுங்கியவனும் நான்தான். சப்பாத்து வாங்கியாயிற்று. புத்தகப் பையும் வாங்கியாயிற்று. மகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

மனைவியிடம் எப்படிக் கேட்பது? மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சோற்றில் குற்றம் கண்டேன். வாசல் கேற் கொளுக்கி இறுகிக்கிடக்கிறது என்று கத்தினேன். நாலாம் நாள் பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளே எதிரில் இருந்தாள்.

"மருதமுனையில இரிந்து ஒரு புள்ளைட உம்மா போன்ல கோல் எடுத்து என்னட்டக் கேக்கா, ஒங்கட மகளும் அங்கதானாமே எண்டு. வட்டையெல்லாம் போய்க் கேட்டுட்டு, ஊட்டுல கேக்காம இரிக்கிற ஆள் நீங்க ஒராள்தான்."

நான் பட்டியல், கண்டி அதிபர், வாய்க்கால், மூன்று பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடிந்ததும் அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"நீங்க அங்க நல்லாப் படிச்சுக் குடுக்கீங்களா, இல்லையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன கேள்வி இது? என்னட்டப் படிச்ச புள்ளைகள் இண்டைக்கு எங்கெல்லாம் இரிக்காங்க தெரியுமா? எழுத்தறியாம ஒரு புள்ளையும் என்ட வகுப்ப விட்டுப் போனதில்ல."

"அப்ப என்னத்துக்கு என்ட புள்ளைய மட்டும் வேற இடத்துக்கு அனுப்பப் பாத்தீங்க?"

கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

"யோசிச்சுச் சொல்றன்" என்று எழும்பிப் போனாள். மறுநாள் காலையில் பெரிய பாடசாலையின் கடிதத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு, "மோட்டார் சைக்கிள்ல முன்னுக்கு வச்சிக் கூட்டிட்டுப் போங்க. பின்னுக்கு வச்சா நித்திர கொண்டு விழுந்துருவா" என்றாள். அவ்வளவுதான். மகிழ்ச்சியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

முதல் நாள் அதிகாரி நேரத்துக்கே வந்துவிட்டார். அதிபர் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் வரவேற்புக்குக் கொடுத்த பலூனைப் பிடித்துக்கொண்டு முன் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. சேற்றுக்கு உடுத்த சாரத்தோடு தகப்பன்மார், அவர்களுக்கு முன்னால் வெள்ளை வெளேர் என்று பிள்ளைகள். நாலு, ஐந்து, ஆறு. சம்மாந்துறையில் ஒரு தாய் விட்டுக்கொடுக்கவில்லையாம். தகப்பன் தனியாக வந்து, தலையைச் சொறிந்துகொண்டு வயலுக்குப் போய்விட்டான். அதிகாரி பேனையால் ஒவ்வொரு தலையாக எண்ணினார். பத்தாவது தலை என் மகளுடையது.

"இந்தப் புள்ள யார்ட?" என்று கேட்டார், வரவு இடாப்பைப் பார்த்துக்கொண்டே.

"என்ட" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதிபர் போய் மூன்றாம் தரத்துச் சுவருக்குப் பின்னால் நின்று மூக்கைச் சீறினார். அந்த மனிதர் அழுதிருக்க வேண்டும்; நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதிகாரியும் தகப்பன்மாரும் போன பிறகு வகுப்புக்குள் வந்தேன். பத்தொன்பது வருடமாகச் செய்யும் வேலை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். ஆனால் அன்றைக்கு வெண்கட்டியை எடுத்துக்கொண்டு, பலகைக்குப் போகாமல் வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். என் மகள் வாங்கில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுப்பேனா? ஒரு எழுத்தையாவது தவற விட்டால்? இந்தப் பயத்தோடுதானே இவ்வளவு காலமும் ஒவ்வொரு தகப்பனும் தாயும் அந்த வாசலில் தங்கள் பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பலகையில் எழுதிய 'அ' கொஞ்சம் கோணலாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அழித்துவிட்டு, திரும்ப எழுதினேன்.