முனைக்கடை வரைக்கும்

அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். நகரத்தின் நடுவே ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் வேலை. புறநகரிலிருந்து போக வர சைக்கிள்தான். முன் கூடையில் சாப்பாட்டு டப்பா இருக்கும். அதன் பக்கத்தில், நடமாட முடியாத பெரியவர்களுக்கு வழியில் கொடுத்துவிட்டுப் போக, ஈரப் பஞ்சில் பொதிந்த பல் செட்டுகள் இருக்கும். பாலத்து மேட்டில் அவள் மூச்சு வாங்க மிதிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அப்படிச் சிரித்த பல்லில் பாதி அவள் செய்து கொடுத்தது.

அப்போதெல்லாம் சைக்கிள் என்றாலே இளக்காரம். ஒரு ஸ்கூட்டர் வாங்கக்கூட வக்கில்லையா என்று மாடி வீட்டுக்காரர் அவள் காதில் விழும்படியே கேட்பார். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் சைக்கிளை ஜெனரேட்டர் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். கட்டின புருஷனாவது சும்மா இருந்தானா? அவன் பஸ் ஓட்டுகிறவன். முன்னால் போகிற சைக்கிள் யாருடையது என்று பார்க்காமல் ஒரு நாள் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் ஓரங்கட்டித் திரும்பினாள் பாருங்கள், ஆள் சீட்டுக்கு அடியில் போகாத குறைதான். அன்றைக்கு வீட்டில் அவனுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தூசு. மிதித்தால் போகிறது, பிடித்தால் நிற்கிறது, இதற்கு எவன் தயவும் வேண்டாம் என்பாள்.

தைத்தது ஒன்றே ஒன்றுதான். மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். மகள் பெரிய வகுப்புக்கு வந்த வருஷம், பள்ளிக்குச் சற்று முன்னால் நோட்டும் பேனாவும் விற்கிற முனைக்கடை வந்ததும், அம்மாவின் முதுகைத் தட்டினாள்.

“இங்கியே எறக்கி விட்டுடும்மா. கேட் வரைக்கும் வராத. எல்லாரும் பாக்கறாங்க.”

பல்லக்கா அங்கேயே இறக்கிவிட்டாள். வேலைக்குப் போகும் வழியும் அந்த வாசலைத் தாண்டித்தான். அதனால் அன்றிலிருந்து முனைக்கடையில் தானும் இறங்கிவிடுவாள். மகள் முன்னால் போய் உள்ளே நுழையட்டும் என்று, தலையைக் குனிந்தபடி சைக்கிளை மெல்லத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடப்பாள். பெற்ற வயிறு, எரியாமல் இருக்குமா? எரிந்தது. மகள் படித்து முடித்து வெளியே வந்த பிறகும் அந்த இடம் வந்தால் கால் தானாகவே கீழே இறங்கிவிடும்.

காலம் ஒரே மாதிரியா இருக்கிறது? பெட்ரோல் விலை ஏறியது. பாலத்தில் கார்கள் எறும்புபோல ஊர, அவள் மட்டும் ஓரமாகப் புகுந்து போய்விடுவாள். சாலையோரத்தில் சைக்கிளுக்கென்று கோடு போட்டார்கள். மாடி வீட்டுக்காரர் தொப்பையைக் குறைக்க, ஸ்கூட்டரைவிட விலை கூடின சைக்கிள் ஒன்றை வாங்கி, ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார், மேடு ஏறும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி. பேசாமல் மிதித்தால் ஏறிவிடலாம் என்றாள் அவள். டாக்டர் மருத்துவமனை வாசலிலேயே ஸ்டாண்ட் வைத்து, இனி இங்கேதான் நிறுத்த வேண்டும் என்றார்.

“ஜெனரேட்டர் என்னைத் தேடுமே டாக்டர்,” என்றாள்.

மகள் இப்போது அதே பள்ளியில் ஆசிரியை, பஸ்ஸில் போய் வருகிறவள். பிள்ளைகள் எல்லாரும் ஒரு காலையில் பூங்காவிலிருந்து ஒன்றாகச் சைக்கிளில் வருவதென்று பள்ளியில் முடிவானபோது, நீதான் முன்னால் போக வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். அந்த வழியின் பள்ளம் மேடெல்லாம் உனக்குத்தானே அத்துப்படி என்றாள். பல்லக்கா சரி என்றாள். ஆனால் மனசு அடங்கவில்லை. ஊர் மாறிவிட்டது, இவள் மாறினாளா? ஆள் கிடைக்காமல் கூப்பிடுகிறாளா, அம்மா என்று கூப்பிடுகிறாளா?

முன்னால் போகிறவர் என்ன செய்கிறாரோ அதையே நீங்களும் செய்ய வேண்டும் என்று மகள் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இரவல் சைக்கிளில் வரிசைக்குக் கடைசியில் வந்தாள். பல்லக்கா ஒதுங்கினால் வரிசையே ஒதுங்கியது. கை காட்டினால் வரிசையே கை காட்டியது. பாலத்தில் பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

முனைக்கடை வந்தது. பல்லக்கா இறங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு தள்ள ஆரம்பித்தாள். பின்னால் அத்தனை பிள்ளைகளும் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு தள்ள ஆரம்பித்தார்கள்.

மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்னம்மா, பஞ்சரா?”

அப்போதுதான் பல்லக்காவுக்குத் தான் நிற்கிற இடமே தெரிந்தது. “இல்லடி, பழக்கம். இங்க வந்தா கால் தானா எறங்கிடுது.”

மகள் கடையைப் பார்த்தாள். குனிந்த தலைகளோடு நின்ற வரிசையைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

“இத்தன வருஷமாவாம்மா?”

அதை விடு, பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று பல்லக்கா நகரப் பார்த்தாள். மகள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏறும்மா. கேட் வரைக்கும் ஓட்டிட்டு வா. எல்லாரும் பாக்கட்டும்.”

பல்லக்கா ஏறினாள். வரிசை முழுக்க ஏறியது. மகள் இந்தத் தடவை கடைசிக்குப் போகாமல் பக்கத்திலேயே வந்தாள். கண் கலங்கிப் பாதையே தெரியாவிட்டாலும் பல்லக்கா நிறுத்தவில்லை. வாசலுக்குள் போய்த்தான் இறங்கினாள்.