தண்டுக்குள் ஓடும் தண்ணீர்

என் அண்ணி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குபவர். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் பதினாறு வருடம். அந்தப் பெரிய காந்தத்தின் அருகே போகிறவர்களிடம் சாவி, ஹேர்பின், பெல்ட், சட்டைப்பையில் மறந்துபோன சில்லறை என ஒன்று விடாமல் வாங்கி வைப்பதால் அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘செக்போஸ்ட்’. தலைமை டாக்டரம்மாவின் வளையல்களையே கழற்ற வைத்தவர் என்று சொல்வார்கள். அண்ணி அதை மறுத்ததில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் இயற்பியல் ஆராய்ச்சியாளர் அங்கே வந்தார். சனிக்கிழமை காலையில், நோயாளிகள் வருமுன், இயந்திரத்தை அவருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அவ்வளவு சீக்கிரம் வந்து அவருக்கு உதவ யாரும் முன்வரவில்லை. அண்ணி போனார். முதல் மாதம் பொத்தானை மட்டும் அழுத்தினார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் மாதிரிகளைத் தயாரிக்கும் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

அவர்கள் தேடியது தண்ணீரின் அசைவை. உடம்பில் தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. நரம்பிழை போன்ற மெல்லிய குழாய்க்குள் இருந்தால் நீளவாக்கில் தாராளமாகப் போகும், குறுக்கே முட்டிக்கொள்ளும். இழைகள் எல்லாம் ஒரே பக்கம் போனால் வழக்கமான ஸ்கேன் கண்டுபிடித்துவிடும். கன்னாபின்னாவென்று கிடந்தால் எல்லாம் கலந்து சராசரியாகிவிடும். அங்கே இழையே இல்லாததுபோல் படம் வரும்.

என் அண்ணன் பஸ் ஓட்டுநர். அவருக்கு அண்ணி இதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினார்.

“மேலேர்ந்து பார்த்தா எல்லாப் பக்கமும் பஸ் போகுது, திசையே இல்லாத மாதிரி தெரியும். ஆனா உங்க பஸ் ரோட்டை விட்டு இறங்குமா? அதனால ஒரே பஸ்ஸை ரெண்டு தடவை கேக்கணும். இந்தப் பக்கம் போனியா? அப்புறம், அதே பக்கமா இன்னும் போனியா, இல்ல குறுக்கே போனியா? ரோட்டுல ஓடுறது ரெண்டுக்கும் வேற வேற பதில் சொல்லும். மைதானத்துல சுத்துறதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

அண்ணன் யோசித்துவிட்டு, டிராஃபிக் போலீஸ் விசிலை வைத்துக் கேட்பதை நீங்கள் காந்தத்தை வைத்துக் கேட்கிறீர்கள் என்றார்.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்கக் கீரைத் தண்டு உதவியது. அதற்குள் முழுக்க மெல்லிய குழாய்கள். நறுக்கிக் கலைத்து, கூழில் கலந்து கண்ணாடிக் குழாயில் நிரப்பினால் திசை தெரியாமல் கிடக்கும் இழைகள் தயார். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஈஸ்ட் நிரப்பிய இன்னொரு குழாய். ஈஸ்ட் செல்கள் உருண்டை, அவற்றுக்குத் திசை கிடையாது. இரண்டு கேள்விக்கும் பதில் வேறானால் வரைபடத்தில் கோடு அலையாக ஏறி இறங்கும், ஒன்றானால் மட்டமாகப் போகும்.

இந்த வருடம் நோயாளிகளின் வரிசை நீண்டது. மாதக் கடைசிக்குள் நிரூபித்துக் காட்டாவிட்டால் சனிக்கிழமை நேரம் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்த அளவீட்டிலேயே வரைபடத்தில் பெரிய அலை வந்தது. டாக்டரம்மா பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் நிம்மதியானார்கள்.

மறுவாரம் அதே குழாயை அண்ணி வழக்கமான ஸ்கேனில், மூன்று திசைகளில் அளந்தார். துண்டுகள் கலைந்து கிடந்தால் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்டுத் துண்டுகள் எல்லாம் பாயில் படுத்தவர்கள் மாதிரி மட்டமாகக் கிடந்தன. காற்றுக்குமிழி படத்தைக் கெடுக்கும் என்று, நிரப்பிய ஒவ்வொரு முறையும் குழாயை மேசையில் தட்டுவது அவர் வழக்கம். நீளத் துண்டுகள் தட்டத் தட்டப் படுத்துவிட்டன. அந்தத் திசையைப் பழைய ஸ்கேனே பார்த்துவிடும். புது முறைக்கு அது சாட்சி ஆகாது.

டாக்டரம்மாவுக்குத்தான் பிடித்துவிட்டதே, பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று ஆராய்ச்சியாளர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“தட்டினது நான் சார். நானே போய்ச் சொல்லிடறேன்” என்றார் அண்ணி.

சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை. வருகிற சனிக்கிழமைதான் கடைசி என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் எங்கள் சமையலறை ஆய்வுக்கூடமானது. துண்டின் நீளமும் தடிமனும் ஒன்றாக இருந்தால் அது படுக்காது என்று அண்ணி முடிவு செய்திருந்தார். அளவுகோலை வைத்து, மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக, நூற்றுக்கணக்கில் நறுக்கினார். குமிழியை எடுக்கத் தட்டக் கூடாது. பெரிய ஊசிக்குழலில் தண்ணீரோடு துண்டுகளைப் போட்டு, முனையை விரலால் அடைத்து, பின்னாலிருந்த பிஸ்டனை இழுத்தார். துண்டுகளிலிருந்து காற்று சரம்சரமாக வெளியே வந்தது. நம் வீட்டில் கீரை வாங்கினால் தட்டுக்கு வருவதே இல்லை என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். பேசாமல் அடுத்த கீரைக்கட்டை அலசச் சொன்னார் அண்ணி. அண்ணன் அலசினார். வெள்ளிக்கிழமை, கூழ் உறையும்வரை அண்ணி குழாயை ஐஸ் தண்ணீரில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சனிக்கிழமை முதலில் பழைய ஸ்கேன். மூன்று திசைகளிலும் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. பிறகு புது முறை. ஒரே பக்கம் கேட்டதற்கும் குறுக்கே கேட்டதற்கும் பதில் வேறாக வந்தது. ஈஸ்ட் குழாயில் கோடு மட்டமாக இருந்தது.

டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “போன தடவை வந்ததை விட அலை சின்னதா இருக்கே?”

“போன தடவை பெருசா வந்ததுக்குக் காரணம் நான், மேடம். இது தண்டோடது.”

குழாயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. படுத்துக் கிடக்கிற துண்டுகள் என்றால் திருப்பியதும் அலை மாறிவிடும். அண்ணி உள்ளே போய்த் திருப்பி வைத்துவிட்டு வந்தார். பத்து நிமிடம் இயந்திரம் ஓடியது. திரையில் அதே சின்ன அலை.

“இனிமே ரெண்டு மணி நேரம் தர முடியாது” என்றார் டாக்டரம்மா. “ஒரு மணி நேரம் எடுத்துக்குங்க. அடுத்தது ஆளை வச்சு எடுங்க, தண்டை வச்சுப் பார்த்தது போதும்.”

ஆராய்ச்சியாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அண்ணி சரி என்றார். வெளியே முதல் நோயாளி வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஆளை எத்தனை கோணங்களில் அளக்க முடியும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கதவைத் திறக்கப் போனார் அண்ணி.