சப்பாத்து விளம்பரத்தில் ஆடியவன்

பாரிஸில் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு வெறுங்காணி இருந்தது. அங்கே கறுப்பினப் பெடியன்கள் தலையை நிலத்தில் ஊன்றிப் பம்பரமாகச் சுழன்று பிரேக் டான்ஸ் ஆடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், வெட்கக்கேடு, அந்தப் பெடியன்களுக்கும் பயந்தோம். அவர்களில் ஒருவன் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் கட்டிடத்து மேல்மாடிக்காரன். மாலியிலிருந்து வந்த குடும்பம். நான் கோப்பை கழுவிய ரெஸ்ரோரன்டுக்கே அவனும் கழுவ வந்தபிறகுதான் எனக்குப் பயம் தெளிந்தது.

மட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு அவன் ஆடினால், இவனுக்கு எலும்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அவனுடைய தாய்க்கோ அது கண்ணிலும் காட்டக் கூடாது. பிள்ளை தெருவில் புரளுகிறான் என்று படிக்கட்டில் காண்கிறவர்களிடமெல்லாம் குறைப்படுவார்.

அந்த நாளில் சோடா விற்பதென்றாலும் சப்பாத்து விற்பதென்றாலும் தொலைக்காட்சியில் இந்த ஆட்டம்தான். எங்கள் வீடியோக் கொசற்றில் வந்த தமிழ்ப்படக் கதாநாயகனும் முதுகால் சுழன்றான். அதைப் பார்த்து மேல்மாடிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, ஆட்டம் உங்கள் ஊர்வரை போய்விட்டது, இதைத் தெருவில் ஆடுகிற எங்களைத்தான் ஒருத்தரும் காட்டுகிறார்களில்லை என்றான்.

கடைசியில் அவனையும் ஒரு சப்பாத்து விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் ஆடிவிட்டு வந்து, தொலைக்காட்சியில் என்னைப் பாருங்கள், அதற்குப் பிறகு ஏசுங்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டான். சனிக்கிழமைச் செய்திக்கு முன்னால் வருமாம். அவர்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. எங்கள் அறையில் இருந்தது. தாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தான். கலியாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்து, தலையில் புதுத்துணி சுற்றியிருந்தார் அவர். எங்களோடு அறையில் இருந்த மூத்த அண்ணை கதிரையைத் துடைத்துப் போட்டு, பால்தேத்தண்ணி கொடுத்தார்.

விளம்பரம் வந்தது. சுழலுகிற இரண்டு கால்கள். உடனே ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எழும்பி நின்று, தலைமயிரைக் கோதிச் சிரித்தான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாசமாய்ப் போவாங்கள், காலை மட்டுமெல்லோ எடுத்திருக்கிறாங்கள், அண்ணை."

அவன் தாயின் பக்கம் திரும்பவேயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், இனி இவன் வீட்டில் எப்படி வாய் திறப்பான் என்று நினைத்தேன். தாய் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் கேட்டார்:

"அது என் பிள்ளையின் கால். பெற்றவளுக்குத் தெரியாதா? தலையை ஏன் மாற்றினார்கள்?"