வீட்டோடு பல்லு வேலை

நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஜெயஸ்ரீ பொய் சொல்லித் தம்பிக்குப் பெண் பேசினாள் என்று கீழ்க்கட்டளையில் இன்னமும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும், எனக்கென்ன!

என் தம்பி தினகரனுக்குப் பம்மலில் அப்பா கட்டிய வீடு. கார் நிறுத்தப் போட்ட ஷெட்டில் கார் இல்லை, மில்லிங் மெஷின் இருக்கிறது. பல்சக்கரம் வெட்டுவது அவன் தொழில். கிரைண்டர் கியர், அபார்ட்மென்ட் கேட்டைத் தள்ளும் மோட்டாரின் கியர், அந்த கேட்டின் அடியில் நீளமாக ஓடும் பல்பட்டை, எது தேய்ந்தாலும் அவனிடம்தான் வரும். பல்பட்டையை அவன் ரேக் என்பான். முதன்முதலில் அதைக் கேட்டபோது, "சமையல்கட்டுக்கும் ஒரு ரேக் பண்ணிக் குடுடா, டப்பா வைக்க இடமில்ல" என்றேன். ஒரு வாரம் சிரித்தான், கழுதை.

ஒரு பல்லை வெட்டியதும், கைப்பிடியைச் சுற்றி அடுத்த பல்லுக்குத் திருப்ப வேண்டும். அதற்கென்று வட்டமாக ஓட்டை போட்ட ஒரு தட்டு உண்டு. இத்தனை ஓட்டை தள்ளி நிறுத்த வேண்டும் என்று கணக்கு. எண்ணிக்கையைப் பிடித்து வைக்க ஒரு இரட்டை முள் இருக்குமாம், இவனுடைய பழைய மெஷினில் அது உடைந்து எந்தக் காலமோ ஆயிற்று. சாக்பீஸால் குறியேன்டா என்றால், "எண்ணெய்ல அழிஞ்சிடும்க்கா" என்பான். அதனால் வாய்விட்டு எண்ணுவான். ஒரு ஓட்டை பிசகினால் ஒரு பல் ஒல்லி, பக்கத்துப் பல் குண்டு, மொத்தமும் பழைய இரும்புக்காரனுக்கு.

எண்ணும்போது இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டான். போன வருஷம் ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, "தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இவன் எண்ணிக்கொண்டே, "நாப்பத்தொண்ணு" என்றான். வயது முப்பத்திநாலு! அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

கேட்பவர்களுக்கு இது சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவன் ஒண்டியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குரோம்பேட்டையிலிருந்து வந்து குழம்பு வைத்துவிட்டுப் போவேன். திரும்பும்போது கேட்டருகே நின்று கையாட்டுவான். பஸ்ஸில் ஏறுகிறவரை எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். இவனுக்கு ஒரு கல்யாணம் ஆகிவிட வேண்டும், நான் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் அஞ்சம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழ்க்கட்டளைக்காரர். மகள் சுபத்ரா மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட், வரன் பார்க்கிறார்களாம்.

"உங்க தம்பி இன்னா பண்றாரு?"

"சொந்தமா, வூட்டோட கியர் பல்லு வேலைங்க. எங்கெங்கேர்ந்தோ தேடி வராங்க" என்றேன். கியர் என்று நான் வாயைத் திறந்த நொடியில், "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று யாரோ கத்தினார்கள். தவில்காரர் வெளுத்து வாங்கினார். நான் சொன்னது சொன்னதுதான். மேளம் விழுங்கியதற்கு நானா பொறுப்பு?

ஜாதகம் பொருந்தியது. வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். ஞாயிறு ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு வாருங்கள் என்றேன். அவர்கள் ராகு காலத்துக்கு முன்பே, நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். நான் உள்ளே கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். தம்பி எண்ணெய்ப் பனியனோடு மெஷினில் நின்றான். அஞ்சம்மாளும் சுபத்ராவும் காரைவிட்டு இறங்குவதற்குள், பெண்ணின் அப்பா பக்தவச்சலம் கன்னத்தைப் பிடித்தபடி நேராக ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். ஜன்னல் வழியாக எல்லாம் என் காதில் விழுந்தது.

"வாங்க சார். பல்லுங்களா?" என்றான் தம்பி. யாரோ கஸ்டமர் என்று நினைத்துவிட்டான்.

"ஆமா தம்பி. ரெண்டு நாளா ஒரே பேஜாரு."

"எடுத்துகினு வந்தீங்களா?"

"எத்த?"

"பல்லத்தான்."

"அது உள்ளதான் தம்பி கீது."

"கழட்டினு வந்தாதானே சார் அளவு எடுக்க முடியும்? ஒண்ணு போனா ஒட்டு வெப்பாங்க, அதெல்லாம் நிக்காது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு புச்சா வெட்டிக்கோங்க. எண்ணெய் தடவி, சுத்தியால நாலு தட்டு தட்டி உக்கார வெச்சா இருவது வருசம் அசையாது!"

பக்தவச்சலம் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்துவிட்டார். நான் கரண்டியோடு ஓடினேன்.

"இன்னாம்மா இது? பல் டாக்டருன்னு சொன்னாங்க!"

"டாக்டருன்னு யார் சொன்னது? பல்லு வேலைன்னேன். இதோ பல்லு, இதோ வேலை! கண்ணால பாத்துக்கோங்க!"

கோபத்தில் பேசிவிட்டேன். பேசிய பிறகுதான், இதுவும் போயிற்றே என்று உறைத்தது. காபியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். "இந்த வூட்ல நாங்க கை நனைக்கறதா இல்ல" என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் வேண்டாத வீட்டில் யார் கை நனைப்பார்கள்?

இவ்வளவுக்கும் அந்த மகானுபாவன் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய் தினா, பொண்ணு வூட்டுக்காரங்கடா!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பினான். திரும்பியதும் முகம் வெளிறியது.

"போச்சு. எத்தினில வுட்டேன்?"

"பத்தொம்பது" என்றது ஒரு குரல்.

ஷெட்டின் ஓரத்தில் சுபத்ரா நின்றுகொண்டிருந்தாள். எப்போது உள்ளே போனாளோ! "ஒரு சுத்து சுத்திட்டு இருவத்தேழு எண்றீங்க. இப்ப பத்தொம்பதுல நிக்குது. இன்னும் எட்டு ஓட்டை போகணும்."

"உங்களுக்கு எப்டிங்க?"

"கடைல எதிர்ல நாலு பேர் கத்தினே இருப்பாங்க. நான் பாட்டுக்கு மாத்திரை எண்ணினே இருப்பேன்."

அவன் எட்டு ஓட்டை தள்ளினான். மெஷின் ஓடியது. வெட்டியதும் பல்லைத் துடைத்து அளந்து பார்த்தான். அப்புறம் என் தம்பி அவனுடைய பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். "அடுத்ததையும் எண்றீங்களா?" என்று கேட்டான். நல்ல ஆள்!

அவள் எண்ணத் தொடங்கினாள். அவன் வாயை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். ஒன்று முடிந்து இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று. வாசலில் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கடைசியில் பக்தவச்சலம்தான் குரல் கொடுத்தார். "சுபத்ரா, கெளம்பும்மா. போலாம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருப்பா. இன்னும் ஒம்பது பல்லு பாக்கி கீது."

அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பக்தவச்சலம் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தை அழுத்திக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அந்தக் காபிய எடுத்துனு வாம்மா. நல்லா ஆத்தி எடுத்துனு வா. பல்லு கூசுது."